பொம்மைக்கு வலிக்காது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் போனில் பேசும்போது, "டெக்னிக்கலா பேசுங்க, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். நர்ஸிங் படிப்பில் சிமுலேஷன் விளையாட்டுகள் என்று தலைப்பைச் சொன்னேன். எதிர்முனையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "நீங்க இன்ஜினீயர்தானே?" என்று கேட்டார். சந்தேகமே வேண்டாம், இதே கல்லூரியில் படித்த இன்ஜினீயர்தான். கடந்த சில வருடங்களாக என் வேலை, நர்ஸிங் மாணவிகள் பயிற்சி பெறும் சிமுலேஷன்களுக்கு ஸாஃப்ட்வேர் எழுதுவது. கம்ப்யூட்டருக்குள் ஒரு நோயாளியைப் படுக்க வைத்து, அவருக்கு ரத்தப்போக்கையோ மூச்சுத் திணறலையோ உண்டாக்கி, எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவி என்ன செய்கிறாள் என்று பார்ப்பது. என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "சம்பளம் குடுத்து வியாதி வரவழைக்கச் சொல்றாங்களா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான்.

எந்த நர்ஸும் ஊசி போடத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. ஆயிரமாவது ஊசியை வலி தெரியாமல் போடுகிறவருக்கும் முதல் ஊசி என்று ஒன்று இருந்திருக்கும். அந்த முதல் ஊசி யார் உடம்பில் இறங்கியது? முதலில் ஆரஞ்சுப் பழம். அது எல்லா நர்ஸிங் கல்லூரியிலும் உண்டு. அதற்கு அடுத்தது? பெரும்பாலும் பொது வார்டில் படுத்திருக்கும் ஒரு ஏழை. தைரியமுள்ளவராக இருந்தால், "ஏம்மா, பெரிய சிஸ்டர் இல்லியா?" என்று கேட்பார். மற்றவர்கள் பேசாமல் கையை நீட்டிவிடுவார்கள். தனி அறைக்குப் பணம் கட்டியவரிடம் மாணவிகளை அவ்வளவாக அனுப்புவதில்லை. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. உலகம் முழுவதும் மருத்துவமும் நர்ஸிங்கும் ஏழைகளின் உடம்பில்தான் கற்றுக்கொள்ளப்பட்டன. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வேறு வழி இல்லாதிருந்தது. இப்போது கொஞ்சம் இருக்கிறது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

வழி புதிதும் அல்ல. 1911-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளிக்கு ஆள் உயரத்தில் ஒரு பொம்மை வந்தது. குழந்தைகளுக்குத் துணிப்பொம்மை செய்துகொண்டிருந்த மார்த்தா சேஸ் என்ற அம்மையாரின் பட்டறையில் செய்தது. 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். படுக்கையில் புரட்டிப் போடுவது, துடைத்து விடுவது, கட்டுப் போடுவது எல்லாம் அந்த அம்மாள் மீதுதான். 1960-ல் நார்வே நாட்டு ஆஸ்மண்ட் லேர்டால் 'ரெஸஸி ஆன்' என்ற பொம்மையைக் கொண்டு வந்தார். வாயில் வாய் வைத்து மூச்சு ஊதவும், நெஞ்சை அழுத்தவும் பழகுவதற்கு. அவரும் பொம்மை வியாபாரிதான். அந்தப் பொம்மையின் முகம், பாரிஸில் ஸேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு பெயர் தெரியாத பெண்ணின் முகம். உலகத்திலேயே அதிகம் முத்தமிடப்பட்ட முகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

நம் ஆட்கள் எங்கே வருகிறார்கள் என்று தம்பிகள் கேட்கலாம். 1929-ல் எட்வின் லிங்க் என்பவர் தரையில் நின்றபடியே விமானம் ஓட்டப் பழகும் ஒரு பெட்டியைச் செய்தார். அவருடைய அப்பாவுக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை. ஆர்கனில் காற்று ஊதும் துருத்திகளை எடுத்துத்தான் அந்தப் பெட்டியை ஆட்டவும் சாய்க்கவும் வைத்தார். முதலில் வாங்க ஆளில்லை. கேளிக்கைப் பூங்காக்களில் காசு போட்டு ஏறும் விளையாட்டுச் சாமானாகப் போயிற்று. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு போகும் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் 6 பெட்டிகள் வாங்கியது. விளையாட்டுச் சாமான் பாடக்கருவி ஆவதற்கு இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது. 1960-களில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் விமானத்துறை இன்ஜினீயர்களும் டாக்டர்களும் சேர்ந்து 'ஸிம் ஒன்' என்ற பொம்மையைச் செய்தார்கள். மூச்சு விடும், கண் சிமிட்டும், நாடி துடிக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விலைக்கு இரண்டாவது செய்ய யாரால் முடியும்?

சரி, பொம்மை இருக்கட்டும்; இதில் விளையாட்டு எங்கே வருகிறது?

நம் வீட்டு விளையாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். பரமபதத்தில் உங்கள் புத்திக்கு வேலையில்லை. தாயம் விழுந்தால் ஏணி, இல்லாவிட்டால் பாம்பு. ஆடுபுலி ஆட்டம் அப்படியல்ல. ஒவ்வொரு காய் நகர்த்தலும் உங்கள் முடிவு. அதன் பலனை அடுத்த நகர்த்தலிலேயே பார்க்கிறீர்கள். நர்ஸிங் சிமுலேஷன் ஆடுபுலி ஜாதி. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே புலி உங்கள் முறை முடியட்டும் என்று காத்திருக்காது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்துகொண்டிருக்கும்.

நான் அதிகம் வேலை செய்த ஒரு கேஸைச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு. சுகப்பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது அபாயக் கணக்கில் வரும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய் வருகிறது. குழந்தை பிறந்தவுடன் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி, அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். சுருங்காவிட்டால் குழாயைத் திறந்து விட்ட மாதிரி. நேரம் எவ்வளவு குறைவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒரு சூது இருக்கிறது. நம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? நெகடிவ் ஃபீட்பேக். அந்தப் பேப்பரை எழுதிவிட்டு மறந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் படித்தோம். மனித உடம்பில் அது அப்படியே இருக்கிறது. கழுத்து ரத்தக்குழாயிலும் மகாதமனியிலும் அழுத்தத்தை அளக்கும் சென்ஸார்கள் உண்டு. ரத்தம் குறைந்து அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும், இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி, கை கால் குழாய்களைச் சுருக்கி, அழுத்தத்தைப் பழைய நிலைக்கே தூக்கி நிறுத்தும். அதனால் மொத்த ரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் போன நிலையிலும் பி.பி. அநேகமாக நார்மலாகவே இருக்கும். நாடி மட்டும் ஏறியிருக்கும். போதாக்குறைக்குக் கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவே ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். இளம் வயது, நல்ல இதயம். உடம்பு கடைசி வரை சமாளிக்கும். பிறகு கை விரித்துவிடும். பி.பி. இறங்கும்போது மெல்ல இறங்காது, சரியும்.

இதைப் புத்தகத்தில் எல்லா மாணவிகளும் படித்திருக்கிறார்கள். பரீட்சையில் 10 மார்க் கேள்வியாக வந்தால் படத்தோடு எழுதுவார்கள். ஆனால் சிமுலேஷனில் என்ன நடக்கிறது? நான் கூட இருந்து பார்த்த ஒரு வகுப்பில், திரையில் நாடி 108, பி.பி. 110/70. மூன்றாம் வருட மாணவி, கெட்டிக்காரப் பெண், "பி.பி. நார்மல் மேடம், பேஷன்ட் நல்லா இருக்காங்க" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். 6 நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது பி.பி. 70. அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 10 மார்க் கேள்வியின் விடை அந்த நிமிடம்தான் அவளுக்குள் இறங்கியது.

ஆசிரியை திட்டவில்லை. வகுப்பு முடிந்ததும் உட்கார வைத்து, "நாடியை மேல் பி.பி.யால வகுத்துப் பாரும்மா" என்றார். 108 வகுத்தல் 110, 0.98. இதற்கு ஷாக் இன்டெக்ஸ் என்று பெயர். பிரசவித்த தாய்க்கு இது 0.9-ஐத் தொட்டால் உஷாராக வேண்டும். இரண்டு நார்மலான எண்களுக்கு நடுவில் ஒரு அபாயம் ஒளிந்திருந்தது. கால்குலேட்டரே தேவையில்லாத கணக்கு. நாடி எண்ணும் பி.பி. எண்ணும் ஒன்றையொன்று நெருங்கினால் கையைத் தூக்கிக் கூப்பிடு, அவ்வளவுதான்.

இன்னொன்று, போன ரத்தம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, பக்கெட்டில் விழுந்தது. அனுபவசாலிகளும் குறைத்தே சொல்வார்கள். கர்நாடகத்தில் பெல்காம் டாக்டர்கள், தாய்க்கு அடியில் விரித்துக் கட்டும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டு ஆராய்ந்தார்கள். நுனியில் கோன் மாதிரி பை, அதில் மில்லி கணக்குக் கோடுகள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், விரிப்பு காட்டிய அளவைவிடக் கண் மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பிற்பாடு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அளவு போட்ட விரிப்பும், ரத்தப்போக்கு தெரிந்ததும் வரிசையாகக் காத்திராமல் எல்லா சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறையும் சேர்ந்தபோது, கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதில் நாலு கோடு. பெரிய கண்டுபிடிப்பு என்று நாம் நினைப்பதற்கும், உயிர் காப்பாற்றுவதற்கும் உள்ள தூரத்தை அதில் பாருங்கள். எங்கள் சிமுலேஷனில் இப்போது ஒரு பயிற்சி இதற்கென்றே இருக்கிறது. படங்களைக் காட்டி, "இது எத்தனை மில்லி?" என்று கேட்கும். முதல் நாள் விடைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

நிற்க. விளையாட்டு முடிந்ததும் நடக்கும் பேச்சுதான் இந்தப் படிப்பின் பாதிக்கு மேல். டீப்ரீஃபிங் என்பார்கள். 15 நிமிடம் விளையாடினால் அரை மணி நேரம் பேச வேண்டும். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அந்தப் பெண் அடுத்த முறை வாயே திறக்க மாட்டாள். "அந்த நேரம் உன் மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டால் விஷயம் வரும். அடுத்த படுக்கையில் ஒருவர் கத்தினார், போன் அடித்தது, மாமியார் வந்து "பிள்ளைக்குச் சக்கரைத் தண்ணி வைக்கலாமா?" என்று கேட்டார், அதனால் நாடியை மறுபடி பார்க்கவில்லை என்பாள். இதுதான் தங்கம். நிஜ வார்டில் தப்பு நடப்பதும் இப்படித்தான். சொட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி சலைன், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட். நிமிடத்துக்கு 42 சொட்டு. காகிதத்தில் எல்லோரும் சரியாகப் போடுவார்கள். பேச்சுக் குறுக்கீடு மூன்று வைத்தால் அதே கணக்கில் சறுக்குவார்கள்.

இந்தப் பேச்சை நடத்தத் தெரிந்த ஆசிரியை இல்லாமல் எந்த மெஷினும் பிரயோஜனமில்லை. ஒரு கல்லூரியில் பார்த்தேன், பெயர் வேண்டாம். பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொம்மை. வியர்க்கும், பேசும், நீலம் பாயும். ஏ.சி. அறையில் பூட்டு. சாவி ஆபீஸில். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்று திறப்பார்களாம். மாணவிகள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோயில் உற்சவர்கூட வருடத்துக்கு நாலு தடவை வெளியே வருவார்!

மார்க் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். கை கழுவினால் 10 பாயின்ட் என்று வைத்த ஒரு கேமை ஒருமுறை பார்த்தேன். பிள்ளைகள் புத்திசாலிகள். நோயாளி மூச்சுக்குத் தவிக்கும்போது கை கழுவும் பட்டனை எட்டு முறை அழுத்தி 80 பாயின்ட் எடுத்து முதலிடம் வந்தாள் ஒருத்தி. நாம் எதற்கு மார்க் போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் கற்கிறார்கள். நம் பரீட்சை முறையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

நர்ஸிங் ஆசிரியைகளிடையே ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. பொம்மையைச் சாக விடலாமா, கூடாதா? மாணவி தப்புச் செய்தால் நோயாளி இறந்துவிட வேண்டும், அப்போதுதான் உறைக்கும் என்பது ஒரு கட்சி. 19 வயதுப் பெண், தன் கையால் ஒருவர் செத்தார் என்று மனதில் ஏற்றிக்கொண்டால் படிப்பை விட்டே ஓடிவிடுவாள் என்பது இன்னொரு கட்சி. நான் இன்ஜினீயர், எனக்கு இரண்டும் ஒரு 'இஃப்' கண்டிஷன்தான் என்று ஆரம்பத்தில் தோன்றியது. பல வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்த பிறகு எனக்கென்று ஓர் அபிப்பிராயம் வந்திருக்கிறது. சாவு பாடமாக இருக்கிற இடத்தில் சாகட்டும். புற்றுநோய் முற்றியவர், வயதானவர், வீட்டார் சுற்றி நிற்கிறார்கள். அங்கே எப்படி நிற்பது, என்ன பேசுவது, பேசாமல் இருப்பது எப்படி என்பதைக் கற்க வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்த வேண்டும். ஆனால் சொட்டுக் கணக்குத் தப்பியதற்குத் தண்டனையாகச் சாகடிப்பது எனக்குச் சம்மதமில்லை. தண்டனைக்குப் பயந்தவள் தப்பை மறைக்கக் கற்றுக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் மறைக்கப்பட்ட தப்பைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அமெரிக்காவில் 1999-ல் வந்த ஒரு புகழ்பெற்ற அறிக்கை, அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாகக் கணக்கிட்டது. அதன் சாரமே, தனி ஆளைக் குற்றம் சாட்டி ஒன்றும் ஆகாது, வேலை நடக்கும் முறையை மாற்றுங்கள் என்பதுதான். இதை ஒத்துக்கொள்ளாத ஆசிரியைகளும் உண்டு. அவர்கள் என்னைவிட அதிகம் சாவு பார்த்தவர்கள். அதனால் ஸாஃப்ட்வேரில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம், முடிவு அவர்களுடையது.

இதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா, இல்லை பொழுதுபோக்கா? நியாயமான கேள்வி. அமெரிக்க நர்ஸிங் வாரியங்களின் தேசிய கவுன்ஸில் 10 கல்லூரிகளில் ஓர் ஆய்வு நடத்தி 2014-ல் வெளியிட்டது. ஒரு குழுவுக்கு வழக்கமான வார்டுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதில் 25 சதவீத நேரம் சிமுலேஷன். மூன்றாவது குழுவுக்கு 50 சதவீதம். 666 மாணவர்கள் கடைசி வரை இருந்தார்கள். படிப்பு முடிவில் அறிவிலும், வேலைத் திறனிலும், லைசென்ஸ் பரீட்சைத் தேர்ச்சியிலும் குழுக்களுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை வைத்துக்கொண்டு, "பாதி வார்டுப் பயிற்சியை வெட்டிவிடலாம்" என்று உடனே கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கல்லூரிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் முறையான டீப்ரீஃபிங் நடந்தது. அது இல்லாத இடத்தில் இந்த ஆய்வின் பெயரைச் சொல்லக் கூடாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது தான்சானியாவின் ஹைடம் என்ற கிராமத்து ஆஸ்பத்திரிக் கதை. பிறந்தவுடன் அழாத, மூச்சு விடாத குழந்தையை முதல் நிமிடத்துக்குள் காப்பாற்றும் பயிற்சி 2010-ல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் போயிற்று. அதற்கென ஒரு குழந்தைப் பொம்மை. உள்ளே தண்ணீர் ஊற்றினால் நிஜக் குழந்தையின் கனமும் துவளலும் வந்துவிடும். தொப்புள்கொடி நாடியை ஆசிரியை பல்பைப் பிசைந்து உண்டாக்குவார். கரண்டே தேவையில்லை. ஹைடமில் ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் பொம்மையிடம் எல்லோரும் அருமையாகச் செய்தார்கள். ஆனால் நிஜப் பிரசவ அறையில் ஒரு மாற்றமும் இல்லை! வேறொரு ஆராய்ச்சியாளராக இருந்தால் இதை மூடி வைத்திருப்பார். அவர்கள் அப்படியே வெளியிட்டார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறைப் பக்கத்திலேயே வைத்து, வாரா வாரம் 3 முதல் 5 நிமிடம் பயிற்சி, மாதம் ஒருமுறை 40 நிமிடம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் 1000-க்கு சுமார் 11 என்பது 7 ஆகக் குறைந்தது. பொம்மை அதே பொம்மை. மாறியது பழகிய விதம் மட்டும்தான். சங்கீதம் கற்றவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. தினம் கொஞ்சம் சாதகம் செய்கிறவரும், வருடத்துக்கு ஒரு நாள் எட்டு மணி நேரம் பாடுகிறவரும் ஒன்றாகிவிடுவார்களா?

பணம்தான் தடை என்பார்கள். மெக்ஸிகோவில் வேலை தொடங்கிய ப்ரோன்டோ என்ற அமைப்பு, ஆபரேஷன் தியேட்டரில் போடும் சாதாரண பேன்ட்டை வெட்டித் தைத்து, ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு பிரசவிப்பது போல நடிக்க வழி செய்தது. செயற்கை ரத்தம் வரும், குழந்தைப் பொம்மை வெளியே வரும். நடிப்பவர் நிஜ மனுஷி. அவர் கத்துவார், கையைப் பிடித்துக்கொள்வார், "எம் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார். எந்த ஸாஃப்ட்வேரும் இவ்வளவு செய்யாது. என் பிழைப்புக்கு எதிராக நானே பேசுகிறேன், பரவாயில்லை. இந்த முறை 2015-க்குப் பிறகு பீஹாரின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகளே ஊர் ஊராகப் போய் மற்ற நர்ஸுகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

திரையில்லாத விளையாட்டும் உண்டு. 'ஃப்ரைடே நைட் அட் தி ஈ.ஆர்.' என்று ஒரு பலகை ஆட்டம். நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பிரிவு: அவசரம், அறுவை, தீவிர சிகிச்சை, அதிலிருந்து இறங்கி வருபவர்களுக்கான வார்டு. ஆஸ்பத்திரியின் 24 மணி நேரத்தைச் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆடி முடிப்பார்கள். ஒவ்வொருவரும் தன் பிரிவை ஒழுங்காக நடத்தினால், மொத்த ஆஸ்பத்திரியும் திணறும்! மேலே படுக்கை காலி செய்யாமல் கீழே அவசரப் பிரிவில் கூட்டம் குறையாது என்பது ஆடும்போதுதான் விளங்கும். இதை நம் கம்பெனி மேனேஜர்களும் ஆடலாம்.

நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். இந்திய நர்ஸிங் கவுன்ஸிலின் திருத்தப்பட்ட பி.எஸ்ஸி. நர்ஸிங் பாடத்திட்டம் 2021-ல் வந்தபோது, ஸ்கில் லேபும் சிமுலேஷனும் பாடத்தின் பகுதியாகிவிட்டன. அதற்கு முந்தைய வருடம் கொரோனா காலத்தில் வார்டுப் பயிற்சி நின்றுபோய், பல கல்லூரிகள் திரை சிமுலேஷனைத் தேடி ஓடின. கிடைத்தது வெளிநாட்டுச் சரக்கு. அதில் ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி. தனி அறை. நோயாளி, "என் வலி பத்துக்கு ஏழு" என்று துல்லியமாகச் சொல்கிறார். நம் பொது வார்டில் யாராவது பத்துக்கு ஏழு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "வயித்தப் பிசையுது", "நெஞ்சக் கரிக்குது", "கிறுகிறுன்னு வருது" என்பார்கள். ஒரு மூத்த ஆசிரியை, 30 வருடம் வார்டில் இருந்தவர், எங்கள் பட்டியலில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர்." நான் இதில் என்ன தகவல் இருக்கிறது என்று கேட்டேன். "இத யாராவது சொன்னா நான் செய்யற வேலைய விட்டுட்டு உடனே நாடியத் தொட்டுப் பாப்பேன் தம்பி. அஞ்சு நிமிஷத்துல ஏதோ நடக்கப் போவுதுன்னு அர்த்தம்" என்றார். அந்த வரி இப்போது எங்கள் கேஸ்கள் பலவற்றில் இருக்கிறது. மாமியாரும் இருக்கிறார். படுக்கையும் ஒன்றல்ல, எட்டு. எட்டில் யாரை முதலில் பார்ப்பது என்பதுதான் ஆட்டமே.

எட்டாதவையும் இருக்கின்றன. சீழ் நாற்றம் திரையில் வராது. காய்ச்சல்காரரின் தோல் சூடு வராது. இரவு டியூட்டியில் 4 மணிக்கு வரும் அசதியை நான் எந்த கோடிலும் எழுத முடியாது. ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது வார்டில் மட்டும்தான் நடக்கும். மாணவிகள் வார்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது முதல் தப்புகளைப் பொம்மையிடம் விட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கட்சி.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுகிறவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள். சொட்டு எண்ணிச் சரி தப்பு சொல்லும் டிரிப் ஸ்டாண்டு, நெஞ்சை எவ்வளவு ஆழம் அழுத்துகிறோம் என்று காட்டும் தலையணை, தமிழில் பேசும் நோயாளி. நம் லேபில் இருக்கிற சாமான்களே போதும். ஆனால் சாலிடரிங் அயர்னைத் தொடுமுன் பக்கத்து நர்ஸிங் கல்லூரிக்குப் போய் அனுமதி வாங்கி, ஒரு ராத்திரி டியூட்டி முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். காலையில் உங்கள் டிசைன் பாதி மாறியிருக்கும். மூத்தவர்களில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் சிலரை இங்கே பார்க்கிறேன். அந்த அனுமதிக் கடிதத்துக்கு உங்கள் உதவி வேண்டும்.

டீ இடைவேளையில் வெளி மேஜையில் ஒரு ரப்பர் கை வைத்திருப்பேன். உள்ளே சிவப்புச் சாயம் ஓடுகிறது. ஊசியும் இருக்கும். நரம்பு கிடைக்கிறதா என்று எல்லோரும் ஒருமுறை முயன்று பாருங்கள். இதுவரை எந்த இன்ஜினீயருக்கும் முதல் குத்தில் கிடைக்கவில்லை.